துரையின் இடது கால்

செம்பாறை எஸ்டேட்,
நாலாம் நம்பர் லயம்,
கோத்தகிரி வழி.
3.9.2001

தம்பி அருள்ராஜுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இதை எழுதவில்லை. நன்றாகத்தான் இருப்பாய். திருப்பூர் போனவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் இங்கே பேச்சு. போகிற அன்று சொல்லாமல் கொள்ளாமல் என் வாசலில் கட்டிவிட்டுப் போனாயே, அந்த நாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

துரைக்கு இடது முன்னங்காலில், பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கட்டி வந்திருக்கிறது. முதலில் உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. அட்டை கடித்த தடிப்பாக இருக்கும் என்று சுண்ணாம்பு தடவினேன், போகவில்லை. இப்போது கொட்டைப்பாக்கு அளவு இருக்கிறது. மயிர் உதிர்ந்து, சிவந்து, ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கிறது. நாலு காலும் வெள்ளையாக, வெள்ளைக்காரத் துரை முழங்கால் வரைக்கும் காலுறை போட்ட மாதிரி இருக்கிறது என்று நீதானே பெயர் வைத்தாய். அந்தக் காலுறையில் இப்போது ரத்தக்கறை.

சில்வஸ்டர் கம்பவுண்டர் இருந்தால் ஏதாவது களிம்பாவது கொடுப்பார். அவரும் ஊருக்குப் போய்விட்டார், டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது. கொழுந்துக்கு விலை இல்லை என்று வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் பெயர் கூப்பிடுகிறவரைத் தவிர நாலைந்து பேர்தான் நிற்கிறோம். பக்கத்து அறை இசக்கியம்மா தினமும் ஒரு பாட்டு பாடுகிறாள். "ஏன்டி அங்கம்மா, அது தொத்துற சீக்குடி. எங்கயாச்சும் காட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வா" என்கிறாள்.

காட்டைத் தேடிப் போக வேண்டுமா? கவாத்து வெட்டாமல் விட்டதில் மேல் மலை முழுக்கத் தேயிலை மரமாகிவிட்டது. உள்ளே எது படுத்திருக்கிறது என்று தெரியாது. மூன்றாம் நம்பர் லயத்தில், அத்தனை வரிசை வீட்டிலும், ஒரு நாய்கூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் சிறுத்தை தூக்கிவிட்டது. புண் வாடை அதற்கு வெகு தூரத்தில் இருந்தே தெரியுமாம். துரைக்கு ரொம்பப் பயம். பொழுது சாய்ந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. நான் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைக்கிறேன்.

உன் நாய். என்ன செய்ய என்று எழுது. ஆபீஸ் விலாசத்துக்குப் போடாதே, அது பாதி நாள் பூட்டியிருக்கிறது. மேல் ரோட்டுக் கடைக்குப் போடு.

உன் பெண்டாட்டி தேவியைக் கேட்டதாகச் சொல்.

அங்கம்மா


திருப்பூர்
9.9.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தேவி அழுதுவிட்டாள். நானும்தான் என்று வைத்துக்கொள். எட்டு மாதம் ஆயிற்று நீ என்னிடம் பேசி. லயத்து ஜனம் அத்தனை பேர் முன்னாலும் என்னை ஓடுகாலி என்றாய். சொல்லிவிட்டுப் போ, பரவாயில்லை. ஆனால் துரையைச் சும்மா கட்டிவிட்டு வந்ததாக மட்டும் எழுதாதே. அது பஸ் வரைக்கும் பின்னாலேயே வரும், வந்தால் என்னால் ஏற முடியாது, அதனால்தான் கட்டினேன். அதற்கு உன்னை விட்டால் யார் வாசல் இருக்கிறது?

கட்டியை நினைத்துப் பயப்படாதே. இங்கே என்னோடு அயர்ன் போடுகிறவர் ஒருவர் நாய் வளர்த்தவர். மருவாகத்தான் இருக்கும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம் அப்பாவுக்குக் கழுத்தில் மரு வந்தபோது குதிரைவால் முடியை அடியில் இறுக்கிக் கட்டினார்களே, ஒரு வாரத்தில் காய்ந்து விழுந்ததே. அது மாதிரி கட்டு. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் நாலு முடி கொடுப்பார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

நீயும் இங்கே வந்துவிடு அக்கா. பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை, உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். அந்த மலையில் இன்னும் என்ன இருக்கிறது?

கோபப்படாதே. கேட்டேன், அவ்வளவுதான்.

உன் தம்பி
அருள்ராஜ்


நாலாம் நம்பர் லயம்
18.9.2001

தம்பிக்கு,

பிசிறு வெட்டுகிற பேச்சை இன்னொரு தரம் எடுக்காதே. சிலோனிலிருந்து ஒரு தரம் மூட்டை கட்டியாயிற்று. கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது இனி மூட்டை கட்டுவதில்லை என்று முடிவு செய்தவள் நான். நீ அப்போது சின்னப் பையன், உனக்கு அது விளையாட்டு.

ஒரு நல்ல சேதி. கட்டி குறைந்துவிட்டது! உன் கடிதம் வந்த அன்று காலையில் பார்க்கிறேன், பாதியாக வற்றிக் கிடக்கிறது. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக் கொண்டிருந்தேன், அதன் வேலைதான். நேற்று மறுபடி வீங்கிற்று. அழுத்திப் பிதுக்கி மருந்து போட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு நாள் பெரிசாக இருக்கிறது, ஒரு நாள் சின்னதாகிவிடுகிறது. மருந்து கேட்கிறது என்றுதானே அர்த்தம்?

இருந்தாலும் அடியோடு போகட்டும் என்று, வாட்ச்மேன் காத்தமுத்துவிடம் குதிரை முடிக்குச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போகிறான். வந்ததும் கட்டிவிடுகிறேன்.

சாப்பாடு மட்டும் சரியில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தது. கண்டதைத் தின்றிருக்கும். நீ வளர்த்த லட்சணம்.

அங்கம்மா


திருப்பூர்
22.9.2001

அக்கா,

கட்டாதே. முடியைக் கட்டாதே. ஏற்கெனவே கட்டியிருந்தால் கத்தரித்து எடு, இழுக்காதே. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே என் தந்தி வந்திருக்கும். எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

நேற்று உன் கடிதம் கிடைத்தது. வாந்தி என்று படித்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் இங்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆட்டுக்குட்டியோடு ஒருவர், பின்னால் சேவலோடு ஒருவர். என் கையில் உன் இரண்டு கடிதம்தான்.

"ஏனுங்க, நாய் எங்கீங்க?" என்றார் டாக்டர்.

"மலையில இருக்குதுங்க சார். லெட்டர் கொண்டாந்திருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். முதல் கடிதத்தை அதே சிரிப்போடு படித்து முடித்தார். இரண்டாவதைப் படிக்கும்போது சிரிப்பு போய்விட்டது. "ஒரு நாள் பெருசு, ஒரு நாள் சிறுசுன்னு எழுதியிருக்காங்களே, இது நெசமுங்களா?" என்று கேட்டார். அக்கா பொய் எழுத மாட்டாள் என்றேன்.

தோலில் வருகிற புற்றில் அப்படி ஒரு வகை இருக்கிறதாம். ஊசியால் குத்தி, கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்காமல் சொல்லக்கூடாதாம், ஆனால் சந்தேகம் அதுதானாம். அந்தக் கட்டிக்குள் இருக்கிற நீர், அழுத்தினால் உடம்புக்குள் கசிந்துவிடுமாம். அதனால்தான் வீங்குவது, அதனால்தான் வாந்தி, வயிற்றிலும் புண் வந்துவிடுமாம். "கொறையறது கொணமாகறது இல்லீங்க. பிதுக்கறது, கட்டறது, சுடறது எதுவும் வேண்டாமுங்க. உசுருக்கே ஆபத்து. நாளைக்கே ஊட்டிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க" என்றார். குதிரை முடியை நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயமாக இருக்கிறது அக்கா. அங்கே கட்டியிருப்பாயோ, இன்னும் கட்டவில்லையோ என்று நினைத்து நினைத்து இன்றைக்கு இரண்டு சட்டையைக் கருக்கிவிட்டேன்.

அருள்


நாலாம் நம்பர் லயம்
30.9.2001

அடேய் அருள்,

உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? நம் ஆட்களுக்குத் தந்தி கொடுக்கலாமா? தந்தி என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று மறந்துவிட்டாயா? எட்டு மாதத்தில் அவ்வளவு பெரிய ஊர்க்காரன் ஆகிவிட்டாயா?

திங்கட்கிழமை காலை வேலையில்லை. ஞாயிறு சாயங்காலமே காத்தமுத்து முடி கொண்டுவந்துவிட்டான். விடிந்ததும் துரையைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இறுக்கிக் கட்டினேன். அது கத்தவில்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். கட்டிவிட்டு வாசலுக்கு வருகிறேன், மேல் ரோட்டுக் கடையைத் தாண்டி ஒரு நாளும் இறங்காத தபால்காரர் படி இறங்கி வருகிறார். கையில் தந்தி.

நான் வாங்கவில்லை. இசக்கியம்மாதான் வாங்கினாள். வாங்கியவள் பிரிக்கவில்லை. திருப்பூரிலிருந்து என்று தபால்காரர் சொன்னதும், "ஐயோ, தம்பி போயிட்டானேடி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். லயத்தில் மிச்சமிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். யாரும் கிழிக்கவில்லை. கிழிக்காத வரைக்கும் நீ இருப்பாய் என்று எனக்கு ஒரு எண்ணம். உன்னை ஓடுகாலி என்று சொன்ன வாயை நான் எப்படியெல்லாம் அடித்துக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ அதை வைத்தே காலமெல்லாம் என்னைக் கேலி செய்வாய்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் காவல் முடிந்து காத்தமுத்து வந்துதான் கிழித்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தான். கட்டியைத் தொடாதே, உடனே ஊட்டி டாக்டர் என்று இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அப்புறம்தான் துரை ஞாபகம் வந்தது.

கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. முடி சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. வாந்தியில் ரத்தம். காத்தமுத்து பிடித்துக்கொள்ள, கத்தரிக்கோல் நுனியால் தேடித் தேடி வெட்டினேன். உனக்காக அழுதுகொண்டிருந்த அந்தப் பகல் முழுக்க அது அப்படியே கிடந்திருக்கிறது. உன்னையும் குற்றம் சொல்ல முடியவில்லை, என்னையும் சொல்ல முடியவில்லை. யாரையாவது சொல்லலாம் போல இருக்கிறது.

மறுநாள் கேரட் ஏற்றுகிறவர் ஒருவர் தன் வண்டியில் ஊட்டிக்குக் கொண்டு போனார். பெண் டாக்டர். "ஏனுங்கம்மா, குதிரை முடியா கட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் திட்டவில்லை. ஊசியால் குத்திச் சில்லில் பார்த்தார். உன் திருப்பூர் டாக்டர் சொன்னதேதான். புற்று.

வயிற்றுக்கு மருந்து, வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். வாந்தி நின்றுவிட்டது. ஆனால் இனி என்ன என்பதை நாம் சொல்ல வேண்டுமாம். கட்டியை மட்டும் வெட்டினால் போதாது, சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டும், அந்த இடத்தில் வெட்டித் தைக்கத் தோல் கிடையாது. அதனால் காலையே தோளோடு எடுப்பது ஒரு வழி. அக்குளில் நெறி கட்டவில்லை, இப்போது எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்கிறார். இல்லாவிட்டால் மாத்திரையிலேயே ஓட்டலாம், சில மாதம் தாங்கும், அப்புறம் பரவிவிடும். இசக்கியம்மாவுக்கு மூன்றாவது வழி தெரியும். "ஊசியப் போட்டுத் தூங்க வச்சிருடி, அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்கிறாள்.

மூன்று காலோடு இந்த லயத்தில் ஒரு நாய் எத்தனை நாள் இருக்கும்? நாலு காலோடு ஓடியதுகளையே சிறுத்தை விடவில்லை. காலை எடுத்தால் நீ கொண்டுபோய் வைத்துக்கொள்வாயா? உன் நாய். நீ சொல். பத்து நாளில் சொல்ல வேண்டும்.

அக்கா


திருப்பூர்
7.10.2001

அக்கா,

நான் செத்ததாக நினைத்து அழுதாய் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தந்தி கொடுக்கிற இடத்தில் அந்த நினைப்பே வரவில்லை. காலில் விழுகிறேன், மன்னித்துக்கொள்.

நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். காலை எடுக்க வேண்டாம் அக்கா. மாத்திரையே கொடு. துரை மேல் மலையிலிருந்து பள்ளத்துக்கு ஒரே மூச்சில் இறங்கி வருமே, கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. மூன்று காலில் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சில மாதம் தாங்கும் என்றுதானே சொன்னார்? அதற்குள் வேறு ஏதாவது மருந்து வரும். நாமக்கல்லில் பெரிய மாட்டாஸ்பத்திரி இருக்கிறதாம், அங்கேயும் விசாரிக்கிறேன்.

இங்கே கொண்டு வரலாம் என்றால், எங்கள் வீட்டுக்காரர் நாய், பூனை எதுவும் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார். வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே வாசல். தேவி போய்க் கேட்டுப் பார்த்தாள். "நோய் புடிச்ச நாயவா கொண்டாரப் போறீங்க?" என்று கதவைச் சாத்திவிட்டார். லீவு கேட்டேன். போகிறவன் அப்படியே போய்விடு என்கிறார்கள்.

நான் கோழைதான் என்று உனக்கு முன்னமே தெரியும். முடிவை என்னிடம் விடாதே. நீ என்ன செய்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அருள்


நாலாம் நம்பர் லயம்
27.10.2001

தம்பி அருளுக்கு,

காலை எடுத்தாயிற்று.

நீ சொன்னபடி மாத்திரையோடு விட்டுவிடத்தான் பார்த்தேன். கட்டி நன்றாகச் சிறுத்தது. "பாத்தியா, கொணமாயிருச்சு" என்று இசக்கியம்மாகூடச் சொன்னாள். முன்னே மாதிரி எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது சிறுத்தால் இப்போது பயம்தான் வருகிறது. பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. சிறுத்துப் போனால் எங்கே போயிருக்கிறது என்று உடம்பெல்லாம் தடவித் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலோடு சில மாதம் என்னால் இருக்க முடியாது. நீ கோழை என்று எழுதியிருந்தாய். நான் மட்டும் என்ன? பயம் தாங்காமல்தான் காலை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மயக்க ஊசி போடும்போது டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண் மூடுகிற வரைக்கும் என்னையே பார்த்தது. அப்புறம் வெளியே வந்து மழையில் நின்றேன். இந்தக் காலைக் கேட்காமல் எடுக்கிறோமே, எழுந்ததும் என் முகத்தில் விழிக்குமா என்று அவ்வளவு பயம். எழுந்தது, தட்டைத் தேடியது. எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது. அதற்குள் நான்தான் அழுது ஓய்ந்திருந்தேன்.

வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்றுதான் டாக்டருக்குத் தோன்றுகிறதாம். நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். மாதம் ஒரு தரம் பார்க்க வேண்டும். மறுபக்கத்து அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டுகிறதா என்று என்னையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் கையை வைத்துப் பார்க்கிறேன். வைக்கிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை. ஒன்றும் இல்லையென்றால்தான் அன்றைக்குக் கொழுந்து கிள்ளக் கை வருகிறது.

இசக்கியம்மாவை அவள் மகன் போன வாரம் அருவங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது துரையின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள். இந்த வரிசையில் இப்போது என் வீட்டு அடுப்பு மட்டும்தான் புகைகிறது. நேற்றுக் காலை தண்ணீருக்குப் போனேன். குழாயடிச் சேற்றில் தடம். என் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. குழாயிலிருந்து என் வாசல் வரைக்கும் வந்து, கதவோரமாக நின்று, திரும்பிப் போயிருக்கிறது. உள்ளே வந்து துரையைப் பார்த்தேன். வாலை ஆட்டியது.

துரைக்குப் பயம், துரைக்குப் பயம் என்று உனக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். தட்டு காலியாக இருந்தால் ஒழிய அதற்கு ஒரு பயமும் இல்லை. பயம் எனக்குத்தான். நீ போன அன்றிலிருந்தே. அதைச் சொல்ல வாய் வராமல்தான் உன்னை அவ்வளவு பேசினேன்.

வேறு வீடு பார். ஊருக்கு வெளியே இருந்தாலும் சரி, தனி வாசலாக இருக்க வேண்டும். நாய் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடு. தேவியைக் கேட்கச் சொல், நீ கேட்டால் பாதியில் திரும்பி வந்துவிடுவாய். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுகிறேன். இரண்டு மூட்டை கட்டி வைத்துவிட்டேன். மழையில் பர்லியார் ரோட்டில் மண் சரிந்திருக்கிறதாம். கோத்தகிரி ரோடு திறந்திருக்கிற நாளாகப் பார்த்து, கேரட் வண்டிக்காரர் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டி வரைக்கும் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கோத்தகிரிக்குப் போகும்போது அங்கிருந்து உன் கம்பெனிக்குப் போன் போட்டு நாளைச் சொல்வார்.

லீவு இல்லை என்று சொல்லாதே. மண்டி வாசலில் வந்து நில். வண்டி நின்றதும் என்னை ஒன்றும் கேட்காதே, ஏன் வந்தாய் என்றும் கேட்காதே. துரையை வாங்கிக்கொள். தையல் போட்ட பக்கம் கை படாமல் தூக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து மேல் ரோட்டில் இறங்கி, லயம் வரைக்கும் நான் ஒருத்தியாகத்தான் தூக்கி வந்தேன், நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து. இனிமேல் என்னால் தனியாகத் தூக்க முடியாது, தம்பி.

அக்கா